துரு தலையெழுத்து அல்ல

1949-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் செய்யப்பட்ட பியூக் ரோட்மாஸ்டர் கார் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டில் அப்படிப்பட்ட கார்கள் ஆண்டு தவறாமல் ஏலத்துக்கு வருகின்றன. விற்பவர் என்ன சொல்வார் என்பது பழைய வண்டி வாங்கி விற்கிற யாருக்கும் தெரியும். சிங்கிள் ஓனர் வண்டி. ஆலையில் அடித்த அதே பெயின்ட். எஞ்சின் நம்பர் மாறவில்லை. பட்டி பார்த்த இடம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, துரு இல்லை.

வாங்க வருகிறவர் சட்டைப்பையில் சிறு காந்தம் ஒன்று வைத்திருப்பார். கதவின் அடி விளிம்பு, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, டிக்கியின் தரை என்று ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்ப்பார். ஒட்டிப் பிடித்தால் உள்ளே இருப்பது இரும்பு. வழுக்கி விழுந்தால் ஓட்டையை அடைத்துப் பூசி மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். இந்தச் சோதனையில் தேறத் தேற விலை ஏறும்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் காரில் துரு ஏன் இல்லை?

ஈரமும் காற்றும் பட்டால் இரும்பு அரிக்கும். அது இயற்கை. மிச்சிகனின் குளிர்காலத்தில் பனி உருகச் சாலையெங்கும் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பில் ஓடிய கார்களின் அடித்தகடு சில ஆண்டுகளிலேயே பொத்தலாகிவிடும். அந்தக் காலத்து ரோட்மாஸ்டர்களில் பெரும்பாலானவை எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. இது மட்டும் எப்படித் தப்பியது? அதற்கு நல்ல நேரம் இருந்ததா? ஜாதகம் சரியாக இருந்ததா?

யாரோ ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டார். காரணம் அவ்வளவுதான். உப்புச் சாலையில் இறக்கவில்லை. ஈரம் படாத கொட்டகையில் நிறுத்தினார். டயர் அமுங்காமல் இருக்க ஸ்டாண்டு கொடுத்துத் தூக்கி வைத்தார். எலி ஒயரைக் கடிக்காமல் காவல் இருந்தார். வண்டி ஓடாத ஆண்டிலும் எஞ்சின் ஆயிலை மாற்றினார். ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றாமல், துருத்தடுப்பு மருந்து கலந்த கூலன்ட்டை ஊற்றினார். அந்த வண்டியின் எஞ்சின் 8 சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் கனத்த வார்ப்பிரும்பு. வெறும் தண்ணீர் நின்றால் உள்ளிருந்தே அரித்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அந்த மருந்துக்கு ஆகும் செலவு சில டாலர். சில டாலரை மிச்சம் பிடித்து எஞ்சினை இழக்கும் மடமையை அவர் செய்யவில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

அந்த மனிதரை நான் பழிக்கவில்லை, பாராட்டுகிறேன். அவர் செய்தது பகுத்தறிவுக் காரியம். கெடுதல் எங்கிருந்து வரும் என்று அறிந்தார். அது வருவதற்கு முன் தடுத்தார். தடுப்பதை ஒருநாள் உற்சாகத்தோடு நிறுத்தாமல் வழக்கமாக்கினார். அதன் பயனாக 2 டன் இரும்பு முக்கால் நூற்றாண்டாக ஆலையிலிருந்து வந்த மேனியோடு நிற்கிறது. அழிவு விதிக்கப்பட்டது என்று சொல்கிறவர்களுக்கு அந்தக் காரே மறுப்பு. காக்க நினைத்தால் காக்கலாம்.

அப்படியானால், அந்தக் காரைச் செய்த ஊரை ஏன் காக்கவில்லை?

1908 செப்டம்பரில் வில்லியம் டூரன்ட் ஜெனரல் மோட்டார்ஸைத் தொடங்கியது ஃபிளின்ட்டில்தான். பியூக் அந்த ஊரின் கார். அதன் மட்கார்டு பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். 4 என்றால் ரோட்மாஸ்டர், 3 என்றால் அதற்கு ஒரு படி கீழேயுள்ள சூப்பர். சாலையில் நிற்கிறவர்கள் துளைகளை எண்ணி உள்ளே இருப்பவரின் அந்தஸ்தை அறிந்துகொள்வார்கள். இன்று வாங்குகிறவரும் அதை எண்ணித்தான் விலை பேசுகிறார். அந்தத் துளைக்குப் பின்னால் இருந்த கைகளை எண்ணுகிறவர் குறைவு. நாம் எண்ணுவோம்.

எஞ்சினை வார்த்தவர்கள் யார்? பியூக்கின் வார்ப்படச் சாலையில், உருகிய இரும்பின் அனலிலும் மணல் தூசியிலும் நின்றவர்களில் பலர் கறுப்பினத் தொழிலாளர்கள். 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிளின்ட் ஆலைகளில் அவர்களுக்குத் திறந்திருந்த கதவுகள் இரண்டே: ஒன்று வார்ப்படம், மற்றொன்று துப்புரவு. மற்ற வேலைகளின் கதவுகள் போர்க்காலத்தில்தான் மெல்லத் திறந்தன. பிறப்பைப் பார்த்து வேலையைப் பிரிப்பதும், கொடிய வேலையை ஒரு கூட்டத்தின் தலையில் கட்டிவிட்டு அதுதான் அவர்களுக்கு ஏற்றது என்று சொல்வதும் எந்த நாட்டிலும் இயற்கை அல்ல. மனிதர் கட்டிய வேலி அது.

உடம்பைச் செய்தவர்கள் ஃபிஷர் பாடி ஆலைத் தொழிலாளர்கள். அந்தக் காலத்தில் தகடும் தகடும் சேரும் இடத்தை ஈயக் கலவையை உருக்கி நிரப்புவார்கள். பிறகு அரத்தாலும் தேய்ப்புச் சக்கரத்தாலும் ராவிச் சமப்படுத்துவார்கள். இன்று வாங்குகிறவர் கையால் தடவிப் பார்த்து எங்கே இணைப்பு என்றே தெரியவில்லை என்று வியக்கிறாரே, அந்த வழவழப்பு அப்படி வந்தது. ராவும்போது எழுந்த ஈயத் தூசி போன இடம் தொழிலாளியின் நுரையீரல்.

அந்தத் தொழிலாளர்களும் காக்கத் தெரிந்தவர்களே. 1936 டிசம்பர் 30-இல் ஃபிளின்ட்டின் ஃபிஷர் பாடி ஆலைகளுக்குள் உட்கார்ந்து வேலைநிறுத்தம் தொடங்கியவர்கள் 44 நாள் அசையவில்லை. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும் வரிசை, மேஸ்திரியின் மனம்போன போக்கில் வேலைநீக்கம், தொழிற்சங்கம் என்று வாயெடுத்தால் வேவு: இவற்றுக்கு எதிராக உட்கார்ந்தார்கள். ஜனவரி 11 அன்று கடுங்குளிரில் நிறுவனம் ஓர் ஆலையின் வெப்பத்தை நிறுத்தியது, சாப்பாடு உள்ளே போகாமல் தடுத்தது. காவல்துறை கண்ணீர்ப் புகையும் துப்பாக்கியுமாக வந்தது. உள்ளே இருந்தவர்கள் தீயணைப்புக் குழாயையும் கார்க் கதவின் கீல்களையும் கொண்டு அதை எதிர்த்து நின்றார்கள். பலர் குண்டுபட்டார்கள். ஆனால் அந்த 44 நாளும் தங்களுக்குள் விதி வகுத்து, மது கூடாது, பொருளைச் சேதப்படுத்தக் கூடாது, தரையைத் தினமும் கூட்ட வேண்டும் என்று ஆலையைப் பராமரித்தவர்கள் அவர்களே. தங்களைக் காக்க மறுத்த ஆலையின் எந்திரத்தை அவர்கள் காத்தார்கள். 1937 பிப்ரவரி 11-இல் நிறுவனம் அவர்களுடைய சங்கத்தை ஏற்றது.

ஈயம் இந்தக் கதையில் இன்னொரு முறையும் வருகிறது. 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி, ஓர் ஈயச் சேர்மத்தைப் பெட்ரோலில் கலந்தால் எஞ்சின் தட்டுவது நிற்கும் என்று கண்டார். 1924-இல் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு நிலையத்தில் அந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்களில் 5 பேர் சித்தம் கலங்கி இறந்தார்கள். விற்பனை கொஞ்ச காலம் நின்றது, பிறகு தொடர்ந்தது. ரோட்மாஸ்டர் சாலையில் ஓடிய காலத்தில் பங்க்கில் போட்டது அந்தப் பெட்ரோலைத்தான். அமெரிக்கச் சாலைகளிலிருந்து அது சட்டப்படி முற்றாக நீங்கியது 1996-இல். இந்தியா 2000-இல் கைவிட்டது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. ஈயம் நச்சு என்பது யாருக்கும் தெரியாத ரகசியமாக இருக்கவில்லை; பழங்காலத்திலிருந்தே மனிதருக்குத் தெரியும். எஞ்சின் நோகக் கூடாது என்பதற்காகத் தெருவோரக் குழந்தைகளின் இரத்தத்தில் அது ஏற விடப்பட்டது.

இனி ஊருக்கு வருவோம். 1960-இல் ஃபிளின்ட்டின் மக்கள்தொகை 2 லட்சத்தை நெருங்கியிருந்தது. 1970-களின் பிற்பகுதியில் அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 80,000 பேருக்கு ஜெனரல் மோட்டார்ஸ் வேலை கொடுத்தது. ரோட்மாஸ்டரின் உடம்பு உருவான ஃபிஷர் பாடி முதலாம் ஆலை 1987-இல் மூடப்பட்டது. பியூக் நகரம் என்றே பெயர் பெற்ற ஆலை வளாகம் 1999-இல் மூடப்பட்டு, பின்னர் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. 2020 கணக்கெடுப்பில் ஊரில் எஞ்சியவர்கள் 81,000 பேர். போக முடிந்தவர்கள் போனார்கள். வீட்டை விற்க முடியாதவர்களும் வயதானவர்களும் ஏழைகளும் தங்கினார்கள். அவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். வார்ப்படத்தில் நின்றவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் அவர்களில் உண்டு.

ஊரின் கடன் பெருகியது. தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றத்தின் அதிகாரத்தை ஒதுக்கிவிட்டு, மாநில அரசு ஓர் அவசரகால நிர்வாகியை நியமித்தது. செலவைக் குறைப்பது அவர் வேலை. 2014 ஏப்ரல் 25 அன்று ஊருக்குக் குடிநீர் வந்த வழியை மாற்றினார்கள். அதுவரை டெட்ராய்ட் வழியாக ஹியூரன் ஏரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குழாய் அரிக்காமல் இருக்க அதில் பாஸ்பேட் மருந்து கலந்திருக்கும். புதிதாகத் திறந்தது ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீரை. அது குழாயை அரிக்கும் தன்மை கூடியது. அதில் அந்த மருந்தைக் கலக்கவில்லை. கலந்திருந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 டாலர்தான் ஆகியிருக்கும் என்று பின்னர் கணக்கிட்டார்கள்.

ரேடியேட்டருக்கு மருந்து ஊற்றிய மனிதரை நினைத்துப் பாருங்கள். ஒரு காருக்கு ஒருவர் செய்ததை ஒரு நகரத்துக்கு ஓர் அரசு செய்யவில்லை.

பழைய ஈயக் குழாய்கள் அரிக்கத் தொடங்கின. குழாயைத் திறந்தால் பழுப்புத் தண்ணீர் வந்தது. தாய்மார்கள் அதைப் பாட்டிலில் பிடித்துக் கூட்டங்களுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். பிள்ளைகளின் தோலில் தடிப்பு வந்தது. தண்ணீர் பாதுகாப்பானது என்று அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

2014 அக்டோபரில் ஒன்று நடந்தது. ஃபிளின்ட்டில் மிஞ்சியிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் ஆலை, இந்தத் தண்ணீரில் குளோரைடு அதிகம், எஞ்சின் பாகங்கள் அரிக்கின்றன என்று கண்டறிந்தது. ஆற்றுத் தண்ணீரை நிறுத்திவிட்டுப் பக்கத்து டவுன்ஷிப்பின் வழியாக ஏரித் தண்ணீருக்கு மாறிக்கொண்டது. ஆலை செய்தது சரியே. இரும்பு அரிக்கிறது என்றால் தண்ணீரை மாற்றத்தான் வேண்டும். இரும்பையே அரிக்கும் தண்ணீர் ஊர்க் குழாய்களை என்ன செய்யும் என்று அன்றே யாராவது கேட்டிருக்க வேண்டும். 2015 ஜனவரியில் ஃபிளின்ட்டில் உள்ள மாநில அரசு அலுவலகக் கட்டடத்தில் ஊழியர்களுக்காகத் தனியே குடிநீர் வைத்தார்கள். ஊர் மக்களோ அதே குழாய்த் தண்ணீரை 2015 அக்டோபர் வரை குடித்தார்கள். எஞ்சினுக்கு மாற்றுத் தண்ணீர் கிடைத்த பிறகு, குழந்தைகளுக்குக் கிடைக்க இன்னும் ஓராண்டு ஆயிற்று.

அந்த ஊரின் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா மருத்துவமனைப் பதிவுகளை எடுத்து ஒப்பிட்டார். தண்ணீர் மாறிய பிறகு, இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்த சிறு குழந்தைகளின் பங்கு 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாக ஏறியிருந்தது. 2015 செப்டம்பரில் அவர் இந்த ஆய்வின் முதல் முடிவுகளை வெளியிட்டபோது மாநில அதிகாரிகள் அவர் கணக்கைத் தவறென்றார்கள். சில நாளில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். குழந்தையின் மூளைக்கு ஈயம் செய்யும் கேட்டைத் திருப்ப முடியாது. தண்ணீரில் பெருகும் கிருமியால் அந்த வட்டாரத்தில் பரவிய லீஜியோனேர் நோயில் குறைந்தது 12 பேர் இறந்தார்கள். வழக்குகளைத் தீர்க்க ஒதுக்கிய தொகை 62.6 கோடி டாலர். நாளொன்றுக்கு 100 டாலரோடு இந்தத் தொகையை வைத்துப் பார்த்தால், சிக்கனம் என்று அவர்கள் சொன்னது சிக்கனமே அல்ல என்பது விளங்கும். 2017-இல் மிச்சிகன் குடிமை உரிமைகள் ஆணையம், தலைமுறை தலைமுறையாக வந்த இனப் பாகுபாட்டின் விளைவு இது என்று அறிக்கை கொடுத்தது.

இப்போது மறுப்புகளைப் பார்ப்போம். நேர்மையாக எழும் மறுப்புகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கார் ஒருவருடைய சொந்தப் பொருள், தன் பணத்தில் காத்தார், ஊரோடு அதை ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நான் காருக்காகச் செலவிட்ட பணத்தைக் கேட்கவில்லை. அதற்குப் பின்னால் இருந்த அறிவைக் கேட்கிறேன். தன் பொருள் என்பதால் காத்தார் என்றால், ஊர் யாருடைய பொருள்? யாருடையதும் அல்ல என்று நாம் நினைக்கிறோம். பொதுச் சொத்து அனாதைச் சொத்து என்ற இந்த நினைப்பு, பேய் பிசாசை நம்புவதைவிடக் கொடிய மூடநம்பிக்கை. பேயை நம்புகிறவர் பெரும்பாலும் தன் பணத்தைத்தான் இழக்கிறார். இந்த நம்பிக்கையோ அடுத்த தெருக் குழந்தையின் மூளையைக் கெடுக்கிறது. ஃபிளின்ட் மக்கள் தங்கள் ஊருக்கு உரிமையாளர்களாக இருந்தார்கள். தேர்ந்தெடுத்த மன்றத்தை ஒதுக்கியபோது அந்த உரிமையைப் பறித்தார்கள். உரிமையாளரின் வாயை அடைத்துவிட்டு வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்வது நியாயமா?

தொழில்கள் எழும், விழும், சந்தையின் போக்கை யார் தடுக்க முடியும் என்று கேட்கலாம். ஆலை மூடுவதைத் தடுப்பது கடினம்தான், ஏற்றுக்கொள்கிறேன். குடிதண்ணீரில் மருந்து கலப்பதைச் சந்தை தடுத்ததா? தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொன்ன தாய்மார்களை நம்பாதீர்கள் என்று சந்தை சொன்னதா? கைக்கெட்டியதைச் செய்யாமல் விட்டவர்கள், கைக்கு எட்டாததைக் காட்டித் தப்புகிறார்கள். கோவிலில் விதி என்று சொல்வதைத்தான் அலுவலகத்தில் பொருளாதாரம் என்று சொல்கிறார்கள். இரண்டு இடத்திலும் பொறுப்பாளர் பெயர் காணாமல் போகிறது.

பழைய காரைக் காப்பது வரலாற்றைக் காப்பது, அதுவும் பொதுச் சேவைதானே என்றும் கேட்கலாம். ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. வரலாறு என்றால் முழு வரலாறும் வர வேண்டும். எத்தனை கைமாறியது, எத்தனை மைல் ஓடியது, எந்தக் கடையில் சர்வீஸ் பார்த்தது என்று பக்கம் பக்கமாகச் சான்று வைக்கிறீர்கள். எஞ்சினை வார்த்தவருக்கு ஏன் வேறு வேலை கிடைக்கவில்லை என்பதையும் அதில் சேருங்கள். இணைப்பை ராவியவர் சுவாசித்தது என்ன என்பதையும் சேருங்கள். அந்த உடம்பைச் செய்த ஆலைக்குள் 44 நாள் யார் எதற்காக உட்கார்ந்தார்கள் என்பதையும் சேருங்கள். பெயின்ட் அசலாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறவர், கதையும் அசலாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தலாமே.

ஃபிளின்ட்டிலும் பின்னாளில் காக்க முடிந்தது என்பதே என் வாதத்துக்குக் கடைசிச் சான்று. ஊர் மக்கள் வழக்குத் தொடுத்துப் போராடிய பிறகு, தெருத் தெருவாக மண்ணைத் தோண்டிப் பழைய ஈயக் குழாய்களை எடுத்தார்கள். செம்புக் குழாய் போட்டார்கள். முடியாது என்று சொன்ன அதே அரசின் பணம், அதே ஊரின் மண். மாறியது ஒன்றுதான்: அந்த மக்களைக் காக்கத் தக்கவர்களாக எண்ண வேண்டிய கட்டாயம் வந்தது.

ஆகவே பகுத்தறிவு என்பது கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்வியோடு முடிந்துவிடுவதில்லை. எதைக் காக்கிறோம், எதை அழிய விடுகிறோம், அந்த வரிசையை யார் போட்டது என்று கேட்பதும் பகுத்தறிவுதான். ஓர் ஊர் அழியும்போது, ஒரு பள்ளிக்கூடத்தின் சுவர் இடியும்போது, ஒரு தெருவின் தண்ணீர் நாறும்போது, என்ன செய்வது, காலம் அப்படி என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். அதே காலத்தில், அதே ஊரில், அதே பணத்தில் எதைப் பத்திரமாக வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லும் வரை விடாதீர்கள்.